இழந்த காலும் கூடிய நிறமூர்த்தமும்

மன்னார்க் கரையில் உடற்குறையோடு வாழ்பவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் நினைவுக்கு வருபவர் மிதிவெடியிலோ ஷெல்லிலோ காலை இழந்த ஒருவர். தலைமன்னார் பஸ்ஸில் அவர் ஏறினால் யாராவது எழும்பி இடம் கொடுப்பார்கள். பக்கத்திலிருக்கும் பெரியவர், "எந்த இடத்திலை தம்பி? அடம்பன் பக்கமோ?" என்று கேட்பார். அதே பஸ்ஸில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் ஏறினாலும் இடம் கிடைக்கும். எங்கள் சனம் இரக்கமில்லாத சனம் இல்லை. ஆனால் அவளிடம் கேட்கப்படும் கேள்வி வேறு: "என்ன பிள்ளை, வயித்திலை இருக்கேக்கை எதையேன் கண்டு பயந்தனியோ?" முதற் கேள்வியில் நடந்த சம்பவம் விசாரிக்கப்படுகிறது. இரண்டாவதில் தாய் விசாரிக்கப்படுகிறாள்.

இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். போரில் காயப்பட்டவரின் வாழ்க்கை சுகமானது என்று சொல்ல வரவில்லை. 2009 மே மாதம் போர் முடிந்த பிறகும், செயற்கைக் காலோடு படகேற முடியாமல் பரம்பரைத் தொழிலை விட்டவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். கொடுப்பனவுக்காகப் பிரதேச செயலகப் படிகளில் ஏறியிறங்கிக் களைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களால் என்ன முடியும் என்பது பற்றிய ஊரின் எண்ணம் இந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் மாறியிருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவரைப் பற்றிய எண்ணம் அப்படி மாறவில்லை. ஏன் மாறவில்லை என்பதுதான் என் கேள்வி.

காரணத்திலிருந்தே தொடங்கலாம். மிதிவெடியை யார் புதைத்தார்கள் என்பதில் வாக்குவாதம் வரலாம். காலிழந்தவரின் தாய்மீது யாரும் பழி போடுவதில்லை. டவுன் சிண்ட்ரோமின் காரணமும் இன்று இரகசியமில்லை. 1959-இல் பாரிஸில் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்ப்பான் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு அதைச் சொல்லிவிட்டது. மனிதக் கலமொன்றில் வழமையாக 46 நிறமூர்த்தங்கள், 23 சோடிகளாக இருக்கும். இவர்களுக்கு 21-ஆவது நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக இருக்கிறது. மொத்தம் 47. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரில் இது முட்டையோ விந்தோ உருவாகும்போது நிறமூர்த்தங்கள் சரியாகப் பிரியாததால் நேர்கிறது. பெரும்பாலும் முட்டையில், சிலரில் விந்தில்.

எப்போது நேர்கிறது என்பதைக் கவனியுங்கள். பெண் தான் பிள்ளை உண்டாகியிருப்பதை அறிவதற்கு முன்பே, பெரும்பாலும் கரு உருவாவதற்கும் முன்பே அது நடந்து முடிந்துவிடுகிறது. கிரகணத்தன்று வெளியே போனது, ஷெல் சத்தத்தில் பதறி விழுந்தது, பப்பாசிப்பழம் தின்றது, மாமியாரோடு சண்டை பிடித்தது எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அந்தத் தாய் ஒன்பது மாதமும் கட்டிலை விட்டு இறங்காமல் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாலும் இதே பிள்ளைதான் பிறந்திருக்கும். செய்வினைக்கும் நாவூறுக்கும் இங்கே வேலையில்லை.

சொந்தத்துக்குள் கலியாணம் முடித்ததால் வந்தது என்பது படித்தவர்களும் சொல்லும் காரணம். தலசீமியா போன்ற சில பரம்பரை நோய்களுக்கு அந்தப் பேச்சு பொருந்தும். டவுன் சிண்ட்ரோமை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. நூற்றுக்கு மூன்று நான்கு பேரில் மட்டும், கூடிய 21-ஆவது நிறமூர்த்தம் வேறொரு நிறமூர்த்தத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். அவர்களிலும் ஒரு பகுதியினருக்கே அது தாய்வழியாகவோ தந்தைவழியாகவோ வந்திருக்கும். அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிக்கும் பெற்றோருக்கு ஓர் இரத்தப் பரிசோதனை இதைத் தெளிவாக்கிவிடும். வயது போன தாய்க்குத்தான் இப்படிப் பிறக்கும் என்பது பாதி உண்மை. நாற்பது வயதில் ஏறத்தாழ நூறில் ஒரு பிள்ளை, இருபதுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டதில் ஒரு பிள்ளை என்பது கணக்கு. ஆனால் பிள்ளை பெறுபவர்களில் இளம் தாய்மாரே அதிகம். அதனால் டவுன் சிண்ட்ரோமோடு பிறப்பவர்களில் பெரும் பங்கினரின் தாய்மார் பல நாடுகளில் முப்பத்தைந்தைத் தாண்டாதவர்கள். இருபத்திரண்டு வயதுத் தாயைப் பார்த்து "இந்த வயசிலை எப்படி?" என்று ஊர் புருவம் உயர்த்துவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

பெற்றோரைக் குற்றவாளியாக்கும் பழக்கம் எங்கள் கரையில் மட்டும் முளைத்ததில்லை. 1866-இல் இங்கிலாந்தின் ஏர்ல்ஸ்வூட் காப்பகத்தில் மருத்துவராக இருந்த ஜோன் லாங்டன் டவுன் இவர்களை முதன்முதலாகத் தனிப் பிரிவாக விவரித்தபோது, பெற்றோருக்கு இருந்த காசநோயைத்தான் காரணமாகக் கருதினார். கண்களின் சாயலைப் பார்த்து ஓர் ஆசிய இனத்தின் பெயரையும் இவர்களுக்குச் சூட்டினார். அந்தப் பெயர் தவறென்று 1961-இல் அறிவியலாளர் பலர் மருத்துவ இதழொன்றில் எழுதினார்கள். மொங்கோலியா கேட்டுக்கொண்டதை அடுத்து 1965-இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டது. இன்றும் பழைய தலைமுறையினர் வாயில் அது வருகிறது. வந்தால் திருத்துங்கள். ஆனால் டவுன் வேறொன்றும் எழுதினார்: பயிற்சி கொடுத்தால் இவர்கள் நாம் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக முன்னேறுவார்கள் என்று. 1868-இல் நார்மன்ஸ்ஃபீல்ட் என்ற இல்லத்தைத் தொடங்கி அதைச் செய்தும் காட்டினார். "உதுகளுக்கு ஒண்டும் ஏறாது" என்று இன்றைக்கு ஒருவர் சொன்னால், அவர் 1866-ஐவிடவும் பின்னால் நிற்கிறார்.

ஒப்பீட்டின் நடுப்பகுதிக்கு வருகிறேன். காலிழந்தவரைப் பற்றிய எண்ணத்தை மாற்றியது இரக்கம் என்று நான் நினைக்கவில்லை. ஜெய்ப்பூர்க் கால் மாற்றியது. 1968-இல் இராசத்தானில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய அந்தக் கால், வெறுங்காலோடு நடக்கும், குந்தியிருக்கும், சேற்றில் இறங்கும் மனிதருக்கென்று செய்யப்பட்டது. யாழ்ப்பாணத்தில் 1987-இல் ஜெய்ப்பூர் புனர்வாழ்வு நிலையம் தொடங்கியது. போரில் காலிழந்தவர்கள் அங்கே போய் அளவு கொடுத்து, காலைப் பூட்டி, நடந்து திரும்பினார்கள். ஊர் அதைக் கண்ணால் கண்டது. சைக்கிள் மிதித்தவரைக் கண்டது. கடை வைத்தவரைக் கண்டது. கண்ட பிறகு "இனி இவனாலை என்ன ஏலும்?" என்ற கேள்வி தானாகவே ஓய்ந்தது.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கும் அப்படிப் பூட்டக்கூடிய உதவிகள் இருக்கின்றன. அவை கண்ணுக்குத் தெரியாதவை, மெதுவானவை. முதலாவது இதயம். இவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இதயக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள். பிறந்த கையோடு எக்கோ பரிசோதனை செய்து, தேவையானால் முதல் மாதங்களிலேயே சத்திரசிகிச்சை செய்துவிட வேண்டும். "இப்பிடியான பிள்ளையள் கனநாள் இருக்காதுகள்" என்ற பேச்சு இந்தச் சத்திரசிகிச்சை இல்லாத காலத்தின் மிச்சம். அமெரிக்காவில் 1983-இல் இவர்களின் சராசரி ஆயுள் 25 வயது. இன்று 60-ஐ ஒட்டி நிற்கிறது. இடைப்பட்ட காலத்தில் நிறமூர்த்தத்தில் ஒரு மாற்றமும் நடக்கவில்லை. இதயம் திருத்தப்பட்டது, தொற்றுக்கு மருந்து கொடுக்கப்பட்டது, காப்பகங்களில் கொண்டுபோய்ப் போடுவது நின்றது. மன்னாரிலிருந்து கொழும்பு ரிஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலைக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். "எப்படியும் கனநாள் இராது, ஏன் அலைவான்?" என்று உறவினர் சொல்லும் ஒரு சொல், அந்தப் பயணத்தை ஒரு வருடம் தள்ளிப்போட வைக்கும். தள்ளிப்போனால் நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி, பிறகு சத்திரசிகிச்சையே செய்ய முடியாத நிலை வரலாம். கடைசியில் ஊர் சொன்னது பலித்ததுபோலத் தோன்றும். பிழையான எண்ணம் தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும் விதம் இதுதான். இந்த ஒன்றுக்காகவே இக்கட்டுரையை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்தது "மந்தம்" என்ற முத்திரை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைரொயிட் சுரப்பு குறைவது மிகச் சாதாரணம். குறைந்தால் சோர்வு, தூக்கம், எடை கூடுதல், எதிலும் ஈடுபாடின்மை வரும். ஒரு குளிசையில் சீராகக்கூடிய சோர்வைப் பிறவிக்குணம் என்று விட்டுவிடுகிறோம். காதும் அப்படித்தான். நடுச்செவியில் நீர் தேங்கிப் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கேட்கும் திறன் மங்கியிருக்கும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு விளங்கவில்லை என்று முடிவுகட்டும் முன் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை தைரொயிட், காது, கண் ஆகிய மூன்றையும் சோதிப்பது பெரிய ஆஸ்பத்திரி வேலை இல்லை.

பேச்சு பிந்தும். வாய்த்தசைகள் தளர்வாக இருப்பதும், கேட்டதை மனதில் பிடித்துவைக்கும் திறன் குறைவாக இருப்பதும் காரணங்கள். ஆனால் இவர்கள் பேசுவதைவிட விளங்கிக்கொள்வது பெரும்பாலும் அதிகம். கேட்டதைவிடக் கண்டது இவர்களுக்கு நன்றாகப் பதியும். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் உளவியலாளர் சூ பக்லி 1980-களில் தொடங்கிய ஆய்வுகள் ஒரு பழைய வரிசையைத் தலைகீழாக்கின: முதலில் பேச்சு, பிறகு வாசிப்பு என்று காத்திருக்கத் தேவையில்லை. மூன்று நான்கு வயதிலேயே சொல் எழுதிய அட்டைகளைக் காட்டினால், பல பிள்ளைகள் அந்த எழுத்தின் வழியாகவே பேச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். இதற்கு மருத்துவ இயந்திரம் எதுவும் வேண்டாம். பழைய கலண்டர் அட்டையும் ஒரு மார்க்கரும் பொறுமையுள்ள ஒரு அக்காவும் இருந்தால் வங்காலையிலும் செய்யலாம், சிலாவத்துறையிலும் செய்யலாம்.

இருந்தும் ஏன் செய்வதில்லை? எனக்குப் படும் காரணம் இது. காலிழந்தவருக்கு ஒரு "முன்பு" உண்டு. அவர் முன்பு கடலுக்குப் போனார், பந்தடித்தார், திருவிழாவில் கூடு தூக்கினார். அவரை ஊருக்குத் தெரியும். கால் போனபோது ஊர் அவரை மறுபடி அந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க விரும்பியது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த பிள்ளைக்கு அப்படியொரு முன்பு இல்லை. பிரசவ அறையில் முகத்தைப் பார்த்த கணத்திலேயே அதன் பின்னாளும் எழுதி முடிக்கப்பட்டுவிடுகிறது. ஒருவருக்காக, அவர் இழந்ததை வைத்து அழுகிறோம். மற்றவரைப் பற்றி எதையும் எதிர்பார்க்காமலே விட்டுவிடுகிறோம். எதிர்பார்ப்பு இல்லாத வீட்டில் சொல் அட்டை எழுத யாருக்கும் கை வராது.

அன்பான பேச்சுக்குள்ளும் பிழை ஒளிந்திருக்கும். எங்கள் கத்தோலிக்க ஊர்களில் இந்தப் பிள்ளைகளைச் "சம்மனசு", அதாவது தேவதூதர், என்பார்கள். சைவ வீடுகளில் "தெய்வக் குழந்தை". எப்போதும் சிரித்த முகம், கோபம் தெரியாது, என்றைக்கும் பிள்ளைதான் என்று கொஞ்சுவார்கள். காலிழந்த ஆண்மகனை யாரும் சம்மனசு என்று சொல்வதில்லை. அவருக்குக் கோபம் வரலாம், கள்ளுக் குடிக்கலாம், காதலிக்கலாம், ஊர் அதை மனித இயல்பாக ஏற்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவருக்கும் இவையெல்லாம் உண்டு. தாய் இறந்தால் அவருக்கும் துக்கம் வரும், பலநாள் மௌனமாக இருப்பார். அதைத் துக்கம் என்று அடையாளம் காணாமல் "புதுசாய் ஒரு பிடிவாதம்" என்பார்கள். மனச்சோர்வு இவர்களுக்கும் வருகிற நோய்.

"என்றைக்கும் குழந்தை" என்ற எண்ணம் இன்னொரு ஆபத்தையும் கொண்டுவருகிறது. இதை ஒளிக்காமல் எழுத வேண்டும். பதின்மூன்று பதினான்கு வயதில் இவர்களின் உடலும் மற்றப் பிள்ளைகளின் உடலைப்போலவே வளர்கிறது. பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் வருகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பெண்கள் கருத்தரிக்கக்கூடியவர்கள். குழந்தைக்கு ஏன் இதெல்லாம் என்று ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் விட்டால், தன்னை யார் எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது, தொட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே போகும். படம் வரைந்து, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தால் விளங்கிக்கொள்வார்கள். சம்மனசு என்று சொல்லிக் கதவைப் பூட்டுவது பாதுகாப்பு ஆகாது.

சட்டம் இருவரையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறது. இலங்கையின் 1996-ஆம் ஆண்டு 28-ஆம் இலக்கச் சட்டம் உடற்குறையோ உளக்குறையோ, பிறவியில் வந்ததோ பிறகு வந்ததோ என்று பிரிக்காமல் எல்லோரையும் ஒரே வரைவிலக்கணத்துக்குள் கொண்டுவந்தது. 2016-இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை இன்னும் ஒருபடி மேலே போய், குறை ஆளிடம் மட்டும் இல்லை, அவரை மறிக்கும் தடைகளிலும் இருக்கிறது என்கிறது. ஆனால் தடை என்றதும் நம் அதிகாரிகளின் மனதில் வருவது படிக்கட்டு. 2006-இல் பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் வந்தன. அவற்றின்படி சாய்தளம் கட்டப்பட்ட கட்டடங்கள் இன்று உண்டு. நல்லது. டவுன் சிண்ட்ரோம் உள்ள இளைஞர் அந்தச் சாய்தளத்தில் ஓடி ஏறிவிடுவார். அவருடைய படிக்கட்டு மேசையில் இருக்கும் ஆறு பக்கப் படிவம். இலகுவான வசனத்தில் எழுதி, படம் போட்டு, அவசரப்படுத்தாமல் கேட்டால் அவர் தன் விருப்பத்தைத் தானே சொல்வார். அந்தச் சாய்தளத்தைக் கட்டுவதற்குச் சீமெந்துச் செலவு இல்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். அரச பாடசாலைகளில் விசேட கல்வி அலகு என்ற ஏற்பாடு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் சிவபூமி பாடசாலை 2004 முதல் இத்தகைய பிள்ளைகளுக்கென்றே நடக்கிறது. கடலுக்கு அப்பால் சென்னையில், மகள் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த பிறகு சுரேகா இராமச்சந்திரன் 1984-இல் தொடங்கிய முயற்சி இன்று இந்திய டவுன் சிண்ட்ரோம் கூட்டமைப்பாக வளர்ந்திருக்கிறது. இவை வணக்கத்துக்குரியவை. ஆனால் நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள நல்ல பாடசாலை, பேசாலைப் பிள்ளை காலையில் போய் மாலையில் வரக்கூடிய பாடசாலை ஆகாது. ஊர்ப் பள்ளிக்கூடமே கதவு திறக்க வேண்டும். "மற்றப் பிள்ளையளின்ரை புலமைப்பரிசில் கெட்டுப்போம்" என்று ஓர் அதிபர் தயங்கினால், அதே வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள்தான் நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு அயலவராகவும் வேலை கொடுப்பவராகவும் இருக்கப்போகிறார்கள் என்பதை அவருக்கு நினைவூட்ட வேண்டும்.

வேலை விஷயத்திலும் ஒப்பீடு கசப்பாகத்தான் இருக்கிறது. காலிழந்தவருக்குத் தையல் மெசினோ கடை வைக்க உதவியோ வந்தால் அது அவர் பெயரில் வரும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவருக்கென்று வருவது பெரும்பாலும் தாயின் கையில் கொடுக்கப்படும் உதவியாகவே நின்றுவிடுகிறது. இந்தக் கரையின் தொழில்களை எண்ணிப் பாருங்கள்: வலையிலிருந்து நண்டு கழற்றுவது, அளவு பார்த்துப் பிரிப்பது, கருவாடு புரட்டிக் காயவிடுவது, பனையோலை வார்ந்து இழைப்பது. ஒழுங்கு மாறாமல், கண்ணால் பார்த்துப் பழகிச் செய்யும் வேலைகள். இவர்கள் நன்றாகக் கற்கும் முறையும் அதுதான். மீன்வாடியில் அப்படி நிற்கும் பிள்ளையை அதை நடத்தும் சம்மாட்டி "சும்மா உதவிக்கு நிக்கிறான்" என்பார். உதவிக்கு நிற்பவனுக்குத் தேத்தண்ணியும் வடையும் கிடைக்கும். வேலை செய்பவனுக்குக் கூலி கிடைக்கும். அவன் செய்தது வேலை. கூலியை அவன் கையில் கொடுங்கள்.

வெளியுலகம் எதைக் கண்டிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். ஸ்பெயினின் பாப்லோ பினேதா பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர். அதே நாட்டில் மார் கல்செரான் 2023-இல் வலென்சியா மாநில நாடாளுமன்றத்துக்குப் போனார். கேரளத்தில் கோபி கிருஷ்ணன் வர்மா 2021-இல் வந்த மலையாளப் படமொன்றில் நாயகனாக நடித்தார். எல்லோரும் இவர்களைப்போல வருவார்கள் என்று பெற்றோருக்குப் பொய் நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கிடையே திறமையில் பெரிய வித்தியாசம் உண்டு. சிலருக்கு வாழ்நாள் முழுவதும் நெருங்கிய துணை தேவைப்படும். ஐம்பதை நெருங்கும்போது மறதிநோய் மற்றவர்களைவிட முந்தி வரும் ஆபத்தும் அதிகம். பட்டம் பெற்றவருக்கும், உடுப்பு மாற்ற உதவி தேவைப்படுபவருக்கும் மதிப்பு ஒன்றுதான். பிறந்த அன்றைக்கு எந்தப் பிள்ளை எதுவரை போகும் என்று சொல்ல யாராலும் முடியாது என்பதே அந்த மூவரின் கதையிலிருந்து நான் எடுப்பது.

கடைசியாக, மிகச் சிறியதாகத் தோன்றும் ஒரு விஷயம். தேர்தல் அன்று காலிழந்தவரைக் கூட்டிப்போகக் கட்சிக்காரர் ஓட்டோ அனுப்புவார்கள். அதே வீதியில் டவுன் சிண்ட்ரோம் உள்ள இருபத்தைந்து வயதுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். "அவைக்கு வோட் இல்லை" என்பது ஊரின் நம்பிக்கை. இலங்கை அரசியலமைப்பின் 89-ஆவது உறுப்புரை அப்படிச் சொல்லவில்லை. சட்டப்படி சித்தசுவாதீனமற்றவர் என்று காணப்பட்டோ பிரகடனம் செய்யப்பட்டோ இருந்தால்தான் அந்தக் காரணத்துக்காக ஒருவரை மறுக்க முடியும். பதினெட்டு நிரம்பிய மற்றப் பிரஜைகளுக்கு உள்ள உரிமை இவருக்கும் உண்டு. முகத்தைப் பார்த்து அதை மறுக்க எந்த உத்தியோகத்தருக்கும் அதிகாரமில்லை. அடுத்த முறை வாக்காளர் இடாப்புத் திருத்தத்துக்காகக் கிராம உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது, உங்கள் மகனின், மகளின், தங்கச்சியின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். விட்டுப்போயிருந்தால் காரணம் கேளுங்கள்.